பட்டாளத்துப் பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போனில் கூப்பிட்டால் “சாப்டியா, பிள்ளைக நல்லாருக்கா, சரி வை” என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். அக்கா மகள் வாசித்துக் காட்டுவாள். கண்ணாடி போடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறீர்களாமே.

2024இல் வயநாட்டு நிலச்சரிவுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது நான் ஊரில் இருந்தேன். சூரல்மலையில் ராணுவம் 190 அடிக்குப் பெய்லி பாலம், அதாவது இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடுகிற பாலம், போடுவதை டிவியில் காட்டினார்கள். திண்ணையில் படுத்திருந்தவர் எழுந்து வந்து, “நம்ம தம்பிகதான்” என்றீர்கள். நீங்கள் இருந்த ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சேப்பர்ஸ்காரர்களைப் பட்டாளத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் ஒரு மணி நேரம் நீங்கள் நிறுத்தவில்லை. பேனல் என்கிற ஒரு இரும்புச் சட்டம் 10 அடி நீளம், கிட்டத்தட்ட 260 கிலோ, ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். கிரேன் இல்லாமலே வேலை நடக்கும். இந்தக் கரையில் கோத்து, உருளைமேல் ஏற்றித் தள்ளினால், எடை குறைந்த மூக்கு ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டு போகும். அது அக்கரையைத் தொடும்வரை பின்பக்கத்துப் பாரம்தான் பாலம் கவிழாமல் பிடித்துக்கொள்ளும். பேனல்களை இணைக்கிற இரும்புப் பின்னை அடிக்கும் சுத்தியல் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினீர்கள். பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

1984இல் போய் 2008இல் ஹவில்தாராகத் திரும்பினீர்கள். அந்த 24 வருடத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கருப்பு டிரங்குப் பெட்டியும், அதற்குள் கம்பளிக்கு நடுவே வரும் கேன்டீன் ரம்மும்தான். (அந்தப் பாட்டிலுக்காகவே உங்களிடம் பாசமாக இருந்த சொந்தக்காரர்கள் யார் யார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.) இன்லண்ட் கடிதத்தில் ‘56 ஏபிஓ’ என்று முகவரி இருக்கும். அது ராணுவத் தபால் முகவரி என்று தெரியாமல், ஏதோ ஓர் ஊர் என்று நினைத்து மேப்பில் தேடியிருக்கிறேன்.

ஆனால் வேட்டை என்றால் நீங்கள் வேறு ஆள். கௌதாரிக்குக் கண்ணி எங்கே வைப்பது, முயல் எந்தப் பக்கம் மடங்கி ஓடும், சேற்றுக்குள் விரால் இருப்பதை எந்தக் குமிழியில் கண்டுபிடிப்பது என்று விடிய விடியப் பேசுவீர்கள். லீவையே கண்மாய்க்குத்தான் போட்டீர்கள். வருடத்துக்கு இரண்டு மாத லீவு, அது தண்ணீர் வற்றி, துண்டு வீசி ஊர் மீன்பிடியைத் தொடங்கி வைக்கிற சித்திரையில்தான் விழ வேண்டும். சின்னண்ணன் பிறந்தது ஐப்பசியில். அதற்கு நீங்கள் வரவில்லை. மணியார்டர் வந்தது. வயல், மாடு, மூன்று பிள்ளைகள், படுக்கையில் கிடந்த அப்பத்தா எல்லாவற்றையும் பெரியம்மா ஒற்றை ஆளாகப் பார்த்தார். வருகிற இரண்டு மாதமும் நீங்கள் மீன் பிடிக்கிற கூடையான ஊத்தாவும் கையுமாகக் கண்மாயில் கிடந்தீர்கள். இது எனக்கு ரொம்ப நாள் கோபம். இப்போதும் முழுசாகப் போய்விடவில்லை. பெரியம்மாவுக்கு இருந்ததா என்று கேட்டேன். “மீனாச்சும் கொண்டாந்தாருல்ல” என்றார்.

சரி, எழுத வந்தது இதற்கில்லை.

2003 தைமாதம் ஒருநாள் ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பத்து வயது. நீங்கள் அந்த முறை மெலிந்து போய் வந்திருந்தீர்கள். நான்தான் கெஞ்சி உங்களை முயலுக்குக் கூட்டிப் போனேன். நம்ம நாய் மணி ஒரு முயலைக் கிளப்பிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் பாய, நானும் பின்னாலேயே ஓடினேன். “நில்லுடா!” என்று ஒரு சத்தம். அப்படி ஒரு குரலை உங்களிடம் நான் கேட்டதே இல்லை. அப்படியே நின்றேன். நீங்கள் ஓடி வரவில்லை. தரையைப் பார்த்துப் பார்த்து, நான் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வைத்து, மெதுவாக வந்தீர்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அதே தடத்திலேயே திரும்பி வரப்புக்குப் போனீர்கள். உங்கள் சட்டை நனைந்திருந்தது. தைமாதக் காலையில் எங்கேயிருந்து அவ்வளவு வேர்வை என்று அப்போது யோசிக்கத் தெரியவில்லை. பாம்பு என்று நினைத்தேன்.

அதோடு வேட்டையை விட்டுவிட்டீர்கள். கேட்டவர்களிடம், “1972லேயே சட்டம் வந்துருச்சு, முயல் அடிச்சா கேஸ்” என்றீர்கள். அதற்கு முன்னால் அந்தச் சட்டத்தை நீங்கள் மதித்ததாக ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. ஃபாரஸ்ட்காரனுக்குப் பயந்துவிட்டார் என்று அப்பாகூடக் கேலி செய்தார். நீங்கள் மறுக்கவில்லை.

பாலத்தைப் பற்றிப் பேசிய அன்று ராத்திரி, கரண்ட் போனபிறகு, மற்றதையும் சொன்னீர்கள். 2001 டிசம்பரில் பார்லிமென்ட் தாக்குதலுக்குப் பிறகு எல்லைக்குப் போனது, ராஜஸ்தான் மணலில் கண்ணிவெடி புதைத்தது, அடுத்த வருடம் படை திரும்பும்போது அதையெல்லாம் நீங்களே தோண்டி எடுத்தது. காற்றில் மணல்மேடு நகர்ந்து, வைத்த இடத்தில் வெடி இருக்காது. குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாக, மேலிருந்து அழுத்தம் விழாமல், மெல்ல மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். கை எப்படிப் போகும் என்று இருட்டில் என் முழங்கையைப் பிடித்துக் காட்டினீர்கள். அதற்குமேல் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. 1944இல் இத்தாலியில் மற்றவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிரை விட்ட சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிச் சொன்னீர்கள். காஞ்சிபுரம் பக்கத்து ஆள், மெட்ராஸ் சேப்பர்ஸ், ஜார்ஜ் கிராஸ் என்கிற பிரிட்டிஷ் வீர விருது வாங்கியவர். உங்கள் பக்கத்தில் படுத்துக் குத்தியவர்கள் எல்லோரும் ஊர் திரும்பினார்களா என்று நான் கேட்டேன். கரண்ட் வந்துவிட்டது, ஃபேனைப் போடு என்றீர்கள்.

மறுநாள் பெரியம்மாவிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. “அந்த வருஷம் வந்தவரு கொல்லைக்குப் போறதுக்கே பழைய தடம் பாத்துத்தான் போவாரு. கண்மாயிலதான் நல்லாருந்தாரு. தண்ணிக்குள்ள கால வச்சா ஒண்ணும் ஆவாதுன்னு தெரியும்ல.”

பெரியப்பா, இந்த வருடம் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. விரால் குஞ்சு சிவப்பாக மிதப்பதை மடை ஓரத்தில் பார்த்ததாக அப்பா சொன்னார். உங்கள் ஊத்தாவைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். நாலு குச்சி ஒடிந்திருக்கிறது, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும், எனக்கு வராது. சித்திரைக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவனுக்கு ஏழு வயது, சொன்ன பேச்சு கேட்காமல் ஓடுவான்.

உங்கள் தம்பி மகன்