பஞ்சு அடைத்த டப்பா

செல்லூர், மதுரை

அன்புள்ள செல்விக்கு,

மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். முதல் நாளே வந்துவிடுவேன்.

அப்புறம், எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்க மருந்து கொடுத்து ஆப்பிரிக்காவில் நடந்த வாய்ஸ் ஆய்வைப் பற்றி எழுதியிருந்தாயே, "நிஜ மாத்திரைக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை, மருந்து அவ்வளவுதான்" என்று. அவசரப்படாதே. 5,029 பெண்களைச் சேர்த்த ஆய்வு அது. தவறாமல் எடுத்ததாக அவர்கள் சொன்னது கிட்டத்தட்ட 90 சதவீதம். இரத்தத்தைப் பார்த்தால், மாத்திரைக் குழுக்களின் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்கில்கூட மருந்து இல்லை! வாய்ஸில் கொடுத்த அதே டெனோஃபோவிர் மருந்து, கென்யா, உகாண்டா தம்பதிகளிடம் நடந்த ஆய்வில் தொற்றை 67 சதவீதம் குறைத்தது. அவர்கள் மாத்திரையை விழுங்கினார்கள், அதுதான் காரணம்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் எங்கள் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரும் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். டப்பாவைத் தட்டில் கொட்டி எண்ணினால் ஒரு மாத்திரைகூடக் கணக்கு தப்பாது. வைரஸ் அளவு மட்டும் இறங்கவே இல்லை. ஒரு நாள் டப்பாவைக் கையில் வாங்கினேன், சத்தமே வரவில்லை. உள்ளே பஞ்சு. பஸ்ஸில் பை குலுங்கி மாத்திரை கடகடத்தால் மாமியார் என்னவென்று கேட்பாராம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிய நாலு நாளும் போடவில்லை. அப்படி எத்தனையோ நாள். "மிச்சம் இருந்தா திட்டுவீங்கன்னு தூக்கிப் போட்டுட்டேன் சிஸ்டர்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது என் கண்டிப்புதானே.

அவர் ஒரு சிகிச்சை ஆய்வில் இருந்திருந்தால் மருந்து தோற்றதாகத்தான் பதிவாகியிருக்கும். எந்தக் குழுவில் சேர்த்தார்களோ அந்தக் குழுவில் வைத்தே கணக்குப் பார்ப்பார்கள். மாத்திரையைத் தொடாதவரும் அதில்தான் வருவார். அந்த முறை சரியானதுதான். ஆனால் இரண்டு குழுவிலும் பாதிப்பேர் விழுங்காவிட்டால், நல்ல மருந்துக்கும் சுமாரான மருந்துக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்து வேறு.

இப்போதெல்லாம் "விட்டீங்களா?" என்று கேட்பதில்லை. "போன வாரம் எந்த நாள் கஷ்டமா இருந்துச்சு?" என்றுதான் கேட்கிறேன். சொல்கிறார்கள், செல்வி.

உங்கள் ஆய்வில் இரத்தத்தில் மருந்தின் அளவை எப்போது பார்க்கிறீர்கள், நடுவிலேயா, எல்லாம் முடிந்த பிறகா? மறக்காமல் எழுது.

உன்
ராணி