குரூகர் பூங்காவில் துணைநின்றவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குள் மோட்டார் கார்கள் நுழையத் தொடங்கிய காலத்தைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் உரையாற்றுவதற்காகச் செய்தி திரட்டச் சென்ற நானும் என் மனைவியும் பத்திரமாகத் திரும்பியிருக்கிறோம். அதற்குக் காரணமானவர்கள் பலர்.

முதல் நன்றி, பூங்காவின் தலைமை முகாமான ஸ்குகூசாவில் உள்ள ஸ்டீவன்சன்-ஹாமில்டன் நினைவு நூலகத்துப் பணியாளர்களுக்கு. 1926 மே 31 அன்று தேசியப் பூங்காவான அந்தக் காட்டுக்கு 1927இல் வந்த சுற்றுலாக் கார்கள் மூன்றே மூன்று என்பதும், காருக்கு ஒரு பவுண்டு கட்டணம் என்பதும், 1928இல் அந்த எண்ணிக்கை 180 ஆகவும் அடுத்த ஆண்டே 850 ஆகவும் பெருகியது என்பதும் அங்கேதான் எனக்குத் துலங்கின. தங்கும் குடில்கள் எழும்வரை பயணிகள் கூடாரமடித்து, முட்கிளைகளால் வேலியிட்டு, அதற்குள் உறங்கினார்கள். மலேரியாவுக்கு அஞ்சிப் பூங்காவின் பெரும்பகுதி கோடை மழைக்காலத்தில் மூடப்பட்டது. சிங்கத்தைவிடக் கொசுவே அன்று பெரிய ஆபத்து என்பது என் கருத்து. நான் பார்த்த ஒரு படத்தில், ஆற்றின் நடுவே தெப்பத்தின் மேல் கார் நிற்கிறது. ஆட்கள் சிலர் கம்பிவடத்தைப் பற்றி அதைக் கரைக்கு இழுக்கிறார்கள். படத்தின் கீழே அவர்களின் பெயர்கள் இல்லை. அந்த வெறுமை என்னை உறுத்தியதைக் கவனித்து, நான் கேளாமலே மேலும் இரண்டு கோப்புகளை எடுத்துவந்து தந்த அம்மையாருக்குத் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன்.

டர்பனிலிருந்து தொலைபேசியில் நெடுநேரம் பேசிய தமிழ்ப் பெரியவரை மறக்க முடியாது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் வெள்ளையர் அல்லாதோர் தங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்த முகாம் பலூலே என்று அவர் சொன்னதால்தான் அங்கே சென்றோம். ஆறே வட்டக் குடில்கள்; இன்றும் மின்சாரம் இல்லை. மாலையில் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அமர்ந்திருந்தபோது, பயணிகளின் வசதியைப் பற்றிய பழைய பெருமைப் பேச்சுகள் யாரை எண்ணிப் பேசப்பட்டவை என்பது விளங்கியது.

இனி, பிரிட்டோரியஸ்கோப் முகாம் அருகே சரளைச் சாலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாலை நான்கரை மணிக்கு டயர் பஞ்சர் ஆனது. ஆறு மணிக்குள் முகாம் திரும்ப வேண்டும். வழியில் காரை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. வாடகைக்கு எடுத்த வண்டியின் ஸ்டெப்னியிலோ காற்றே இல்லை. புறப்படும்போது அதைச் சோதிக்காத தவறு என்னுடையது. பின்னால் வந்த குடும்பத்தினர் கண்ணாடியை இறக்கி, "இறங்காதீர்கள், நாங்கள் போய்ச் சொல்கிறோம்" என்று கூறி விரைந்தார்கள். அவர்களின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இம்மடல் அவர்கள் கண்ணில் பட்டால் மகிழ்வேன்.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். ஒருவர் கொண்டுவந்த பம்பால் காற்றடித்துச் சக்கரத்தை மாற்றினார். மற்றவர் துப்பாக்கியுடன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, உயர்ந்த புல்லை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. பணம் கொடுக்க முயன்றபோது இருவரும் மறுத்துவிட்டார்கள். அவ்விருவருக்கும், எங்களுக்காக வாசலைச் சற்று நேரம் திறந்து வைத்திருந்த முகாம் ஊழியருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

அந்த ஊழியரிடம் வாங்கி, அன்றைய பதற்றத்தில் திருப்பித் தர மறந்த டார்ச் விளக்கை, புது பேட்டரிகளுடன் முகாம் அலுவலக முகவரிக்கு நேற்று அனுப்பிவைத்துள்ளேன்.