கோயில் மண்டபத்துக்கு வந்த அம்மாமாருக்கும் புள்ளைங்களுக்கும், கை கொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கெழம எங்க தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்துல நடந்த கைவேலை கண்காட்சிக்கு உதவி செஞ்ச ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நேர்ல வந்து நன்றி சொல்லணும்னு தான் ஆசை, ஆனா ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவனு எல்லா பக்கமிருந்தும் வந்து செஞ்சிருக்கீங்க, அதான் இங்கயே எழுதுறேன். பேர் போடாத புள்ளனு நெறைய பேர் சொன்னதால யார் பேரும் போடல. வாசிக்கும்போது அவங்கவங்களுக்கு தெரியும்.

முதல்ல ஹட்டன் டவுன்ல நூல் கடை வச்சிருக்குற முதலாளிக்கு. கலர் கொறஞ்ச வூல், பாதி உருண்டை, லேஸ் துண்டு எல்லாத்தையும் ஒரு உரபேக் நெறைய கட்டி குடுத்து காசு வேணாம்னுட்டாரு. ஒரு கொழந்த தொப்பிக்கு 50 கிராம் உருண்டை ஒன்னே போதும், அப்ப அந்த பேக்ல எத்தன கொழந்தைங்களோட தலை கதகதனு இருக்கும்னு நீங்களே யோசிச்சு பாருங்க. அந்த வூல எங்களுக்கு எடுத்துட்டு வந்த ஆட்டோ அண்ணன், மழையில சறுக்குற அந்த ரோட்டுல மேல வரைக்கும் ஏத்திட்டு வந்துட்டு பெட்ரோல் காசு கூட வாங்கல. நன்றி அண்ணே.

மனையியல் படிப்பிச்சு ரிட்டயர் ஆன டீச்சருக்கு எப்பிடி சொல்றதுனே தெரியல. ஸ்கூல்ல எங்களுக்கு காம்புத் தையல், சங்கிலித் தையல், மீன்முள் தையல்னு கட்டம் போட்ட துணியில படிப்பிச்சது அவங்க தான், அப்ப மார்க்குக்காக தச்சோம், அவ்வளவு தான். இந்த தடவ அவங்க சொன்ன ஒரே கண்டிஷன், புள்ளைங்க தனியா வரக்கூடாது அம்மாவோட தான் வரணும், அம்மா தெரிஞ்சத புள்ளைக்கு காட்டணும், நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்னாங்க. அது தான் எல்லாத்தையும் மாத்திச்சு. ஏன்னா எங்க தோட்டத்துல அம்மாவும் மகளும் சேந்து உக்காருற நேரம்னு ஒன்னு இருக்குதா சொல்லுங்க, காலையில விடிய முன்ன எந்திரிச்சு ரொட்டி சுட்டு வச்சுட்டு மலைக்கு போனா கொழுந்து நிறுத்து போட்டுட்டு வீட்டுக்கு வரும்போது சாயங்காலம், அதுக்கப்புறம் விறகு, தண்ணி, சமையல், புள்ள படிக்குதா தூங்குதானு பாக்க கூட தெம்பு இருக்காது. எங்க அம்மா என்கிட்ட மனசு விட்டு பேசினது எல்லாமே கையில குரோஷே ஊசி இருந்தப்ப தான். முகத்த பாக்க வேண்டியதில்ல, ரெண்டு பேரும் நூல பாத்துக்கிட்டு பேசலாம், அதனால தான் பேச்சு வந்துச்சுனு நான் நம்புறேன்.

அம்மாவோட கைய அன்னைக்கு டீச்சர் எல்லாருக்கும் காட்டினாங்க. கொழுந்துக் கறை ஏறி ஆட்காட்டி விரல் கறுத்து, ஓரத்துல கீறல் கீறலா வெடிச்சு இருக்கும், அந்த வெடிப்புல வூல் மாட்டி இழுக்கும். அதனால அம்மா நூல நடு விரல்ல சுத்தி தான் பின்னுவாங்க, தொடங்க முன்ன தேங்கா எண்ணெய் கொஞ்சம் தேச்சுக்குவாங்க. நானும் நடு விரல்ல தான் சுத்துறேன், என் கையில ஒரு வெடிப்பும் இல்ல, அம்மாவ பாத்து படிச்சது அப்பிடியே நின்னுருச்சு.

பிள்ளைக்காம்பராவ (அம்மாமார் வேலைக்கு போனா சின்னப் புள்ளைங்கள விட்டுட்டு போற எடம்) பாத்துக்குற அக்கா லீவு நாள்னு பாக்காம வந்து கைக்குழந்தைகள எல்லாம் வச்சிருந்தாங்க, அவங்க இல்லாட்டி பாதி அம்மாமார் வந்திருக்கவே மாட்டாங்க. ஸ்கூல் பெஞ்ச தூக்கி வந்த தம்பிமாரே, லைட் வயர் இழுத்த தம்பியே, மழைக்கு தறப்பாள் கட்டினவங்களே, உங்க எல்லாருக்கும் நன்றிப்பா.

அப்புறம் ஹாட்ஸ்பாட் போட்டு குடுத்த தங்கச்சிக்கு ஒரு தனி நன்றி. குவைத்ல வீட்டு வேலைக்கு போயிருக்குற ஒரு அக்காவோட மக தனியா தான் வந்திருந்தா, டீச்சரோட கண்டிஷன் அவளுக்கு பொருந்தாதேனு நாங்க முழிச்சப்ப அவ போன சுடுதண்ணி ஃபிளாஸ்க்ல சாய்ச்சு வச்சு அம்மாவுக்கு வீடியோ கால் எடுத்துட்டா. அந்தப் பக்கம் அக்கா அவங்க வேலைக்கு நடுவுல நின்னுக்கிட்டு, "அந்த ஓட்டையில இல்ல சாமி, அடுத்த ஓட்டையில விடு, ஆ, இப்ப இழு"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. மண்டபமே கொஞ்ச நேரம் வேலைய விட்டுட்டு அந்த போனத் தான் பாத்துச்சு. அக்கா, நீங்க இத வாசிப்பீங்கனு தெரியும், அவ அந்த தொப்பிய முடிச்சுட்டா.

வெல பேசாம காசு குடுத்து வாங்கினவங்களுக்கும் நன்றி. இத நான் அழுத்திச் சொல்லணும். ஏப்ரல்ல நுவரெலியா சீசனுக்கும், டிசம்பர்ல இருந்து சிவனொளிபாதமலை சீசனுக்கும் வூல் தொப்பி நல்லா ஓடும், ஆனா பின்னின பொம்பளைக்கு கெடைக்கிறது நூல் காசுக்கு மேல கொஞ்சம் தான். ஒரு கடையில அம்மாவோட தொப்பிய நூல் வெலைக்கே கேட்டாங்க, அம்மா ஒன்னும் பேசாம திருப்பி எடுத்துட்டு வந்துட்டாங்க. ரெண்டு ராத்திரி கண் முழிச்ச வேலைக்கு ஒரு வெல இருக்கு, நீங்க அத குடுத்தீங்க.

கடைசியா எங்க மேல் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பெரியம்மாவுக்கு. அவங்க கொண்டு வந்த தலகாணி உறைய பாக்காதவங்களுக்காக சொல்றேன். அந்தக் காலத்து கோதுமை மா பேக் துணி, எழுத்து போகுற வரைக்கும் அவிச்சு வெளுத்தது, ஆனாலும் உள் மடிப்புல நீலக் கலர் அச்சு லேசா இன்னும் தெரியுது. மேல ரெண்டு பச்சக் கிளி, வாயில ஒரு பூங்கொத்து, கீழ இங்கிலீஷ் எழுத்துல குட் நைட். தச்சது பெரியம்மாவோட அம்மா, அவங்களுக்கு எழுத்து தெரியாது, யாரோ வரஞ்சு குடுத்தத பாத்து தச்சிருக்காங்க, அதனால இங்கிலீஷ் N எழுத்தோட குறுக்குக் கோடு மறுபக்கம் சாஞ்சு இருக்கும்.

1948ல இலங்கையில நம்ம மலையகச் சனத்தோட பிரஜா உரிமைய பறிச்சுட்டு, 1964ல இந்தியாவோட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கனு ஆள எண்ணி பிரிச்சாங்க இல்லையா, அதுல பெரியம்மாவோட அம்மா அப்பாவுக்கு இந்தியா, பெரியம்மா கட்டிக்கிட்ட மாமாவுக்கு இலங்கை. எழுபதுகள்ல கோச்சியில (ரயில்ல) தலைமன்னார் போய் கப்பல்ல ராமேஸ்வரம் போனவங்க தான், அதுக்கப்புறம் அம்மாவும் மகளும் பாத்துக்கவே இல்ல. போறதுக்கு முந்தி ரெண்டு உறை தச்சு ஒன்ன மகளுக்கு குடுத்துட்டு ஒன்ன அவங்க எடுத்துட்டு போயிருக்காங்க. இத்தன வருஷமா ட்ரங்குப் பெட்டிக்குள்ள வச்சிருந்தத எங்கள நம்பி வெளிய எடுத்து, அந்த கிளிய டிஷூ பேப்பர்ல பிரதி எடுக்க விட்டு, பேத்திக்கு அதே மாதிரி தைக்க காட்டி குடுத்தீங்களே பெரியம்மா, உங்களுக்கு கோடி நன்றி.

பெரியம்மா ஒரு விஷயம் எழுதச் சொன்னாங்க, அத எழுதிடுறேன். நீலகிரி பக்கம், கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ல தாயகம் திரும்பின நம்ம சனம் யாராவது இத வாசிச்சா, உங்க வீட்டுப் பெட்டியில ரெண்டு பச்சக் கிளி போட்ட மா பேக் தலகாணி உறை, N எழுத்து திரும்பி இருக்குற மாதிரி ஒன்னு இருந்தா, தயவு செஞ்சு சொல்லுங்க. கிளியோட பிரதி வேணும்ங்கிறவங்க பிள்ளைக்காம்பரா அக்காகிட்ட கேட்டு வாங்கிக்கங்க, மிச்ச வூலும் அங்க தான் இருக்கு.