ஏரிக்கரையில் எங்கள் குளியலறை

நங்கநல்லூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக ஒரு வரி போடவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். மீனாவுக்கு முட்டி வலி, எனக்கு வாய் நீளம், இரண்டும் குறையவில்லை.

அப்பா வீட்டை இடிக்கிறேன். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு நாம் தூங்கிய அதே மாடி முதலில் போனது. எங்கே போனது என்பதுதான் விஷயம்.

இடிப்புக்காரரிடம் மொத்தமாகப் பேசியிருந்தேன். பழைய கம்பி அவருக்கு, இடிபாட்டை அகற்றுவதும் அவர் பாடு. கேட்ட தொகையில் கால்வாசியைக் குறைத்துவிட்டேன் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். இரவு பத்து மணிக்கு மேல் லாரி வந்தது. எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டதற்கு, “அதற்கெல்லாம் இடம் இருக்கிறது சார்” என்றார். முப்பது வருடம் சைட்டில் நின்றவன் நான். அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது பார், அதுதான் வெட்கம்.

மறுவாரம் துரைப்பாக்கம் சாலையில் போகும்போது ஏரிக்கரையோரம் ஒரு குவியல். உச்சியில் நீல ஓடு. மூலை பிறை போல உடைந்து, அப்பா வெள்ளை சிமெண்டால் ஒட்டுப்போட்ட அதே ஓடு! ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினேன். சோப்பு வைக்கும் மாடத்தோடு எங்கள் குளியலறைச் சுவர் கிடந்தது. தண்ணீர் அதன் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

போனில் கத்தினேன். “பெருங்குடி வரை போனால் டீசலுக்கு யார் தருவார்கள்?” என்றார். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை நொறுக்கி ஜல்லியாகவும் மணலாகவும் பிரிக்கும் ஆலைகள் இருப்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அடித்த பேரம்தான் லாரியை ஏரிப்பக்கம் திருப்பியிருக்கிறது. குவியலை என் செலவில் அள்ள வைத்தேன். மிச்சம் பிடித்ததைப்போல இரண்டு மடங்கு போயிற்று. சிரிக்காதே.

கட்டட இடிபாட்டைப் பற்றி மத்திய அரசு 2025இல் அறிவித்த புதிய விதிகளையும் எடுத்துப் படித்தேன். மறுசுழற்சிக்குக் கணக்குக் காட்டும் கட்டாயமெல்லாம் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்களுக்கு. நானோ 1,800 சதுர அடிக்காரன். தெருவுக்கு நாலு பேர் என்னைப்போல இடிக்கிறார்கள்.

கீழ்த்தளத்தை லாரிக்கு விடவில்லை. 1971இல் சுண்ணாம்புக் கலவையில் எழுப்பிய சுவர். உளியால் லேசாகத் தட்டினால் செங்கல் முழுசாகக் கழன்று வருகிறது. மாடி 1988இல் சிமெண்டில் கட்டியது. அங்கே கலவை பிடியை விடவில்லை, கல்தான் உடைந்தது. கெட்டியாகக் கட்டியதாக அன்று எவ்வளவு பீற்றிக்கொண்டேன்! முழுக்கற்கள் காம்பவுண்டுச் சுவருக்கு ஆகும்.

இப்போது எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டதாக மேஸ்திரி சொல்கிறார். கம்பி வருவது 40 அடி நீளத்தில். 17 அடி உத்தரத்துக்கு இரண்டு வெட்டினால் 6 அடி மிச்சம். அது எப்போதும் காயலான் கடைக்குத்தான் போகும். நான்கடி ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் லின்டலுக்கு, இருபுறமும் சுவரில் உட்கார ஓரடி தாங்கல் சேர்த்தால், சரியாக 6 அடி! வெட்டுவதற்கு முன்பே பட்டியல் எழுதிக் கம்பி வேலைக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். எனக்குச் சூட்டியிருக்கும் பெயர் ‘துண்டுக் கம்பி சார்’.

ஒரு சண்டையில் மட்டும் தோற்றேன். எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை மறுசுழற்சி ஜல்லி சேர்க்கலாம் என்று ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 சொல்கிறது. மேஸ்திரி முழுதும் கேட்டுவிட்டு, “முதலில் உங்கள் படுக்கையறைத் தளத்தில் போடுவோம் சார்” என்றார். வாயை மூடிக்கொண்டேன். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் மட்டக் கான்கிரீட்டுக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்.

கீழ்த்தளத்துத் தேக்கு ஜன்னல்கள் நான்கு தேறின. கொக்கிகூட அப்படியே இருக்கிறது. உன் தோட்ட வீட்டுக்கு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல். பழைய மரக்கடைக்காரர் சனிக்கிழமை வருகிறார். வண்டிச் சத்தம் உன்னுடையது. இனி நான் பேரம் பேசுவதாக இல்லை.

அன்புடன்,
பாலு