அந்தத் தொலைபேசி அழைப்பு

ஆசிரியருக்கு,

சர்க்கரை நோயாளிகளுக்கான அறுவைச் சிகிச்சை பற்றிய தங்கள் கட்டுரை மயக்க மருத்துவரின் கணக்கை விரிவாகச் சொன்னது. முந்தைய இரவிலிருந்து நோயாளியோடு விழித்திருக்கும் செவிலியருக்கு மட்டும் ஒரே வரி. அறுவை வார்டில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அந்த வரியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன்.

"எதுவும் சாப்பிடக் கூடாது" என்று எல்லாரும் தவறாமல் சொல்லிவிடுகிறார்கள். மாத்திரையும் ஊசியும் என்ன ஆவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். சாப்பாடே இல்லை, இன்சுலின் எதற்கு என்று அடியோடு நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். உடலில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத முதல் வகை நோயாளிக்கு இது பேராபத்து. சாப்பாட்டுக்குப் போடும் இன்சுலினை விடலாம். நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை மருத்துவர் குறைப்பாரே தவிர நிறுத்தமாட்டார். மெட்ஃபார்மினை அறுவை நாளன்று நிறுத்தினால் பொதுவாகப் போதும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளையோ 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மீட்டரில் சர்க்கரை ஒழுங்காகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறக்கூடும். அறுவைக்குப் பிறகு வரும் சாதாரண வாந்திதானே என்று அதை ஒதுக்கிவிடுவது மிக எளிது. கடைசி மாத்திரை எது, எப்போது போட்டார் என்று கேட்டு எழுதுவதைக் குமாஸ்தா வேலை என்று நினைக்கும் இளம் செவிலியர்களிடம் இதற்காகவே நான் கடிந்து பேசியதுண்டு.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது காத்திருப்புதான். சர்க்கரை நோயாளியைப் பட்டியலில் காலை முதல் ஆளாகப் போடுவார்கள். அவசர அறுவை ஒன்று குறுக்கே வந்ததும் அவர் பிற்பகலுக்குப் போய்விடுவார். வார்டுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அப்படிக் காத்திருந்த ஓர் அம்மா, "பயமாக இருக்கிறது" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். பயம்தான் என்று நானும் நம்பினேன். கையைப் பிடித்தால் சில்லென்று வியர்வை. மீட்டர் 54 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மருத்துவரை அழைத்து நரம்பு வழியே குளுக்கோஸ் கொடுத்தோம். தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது தன் செருப்பைத்தான்! அதன் பிறகு, பயம் என்று யார் சொன்னாலும் விரலில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆறுதல் சொல்வேன். மயக்கத்தில் இருப்பவருக்குப் பயம் என்று சொல்லக்கூட வாய் இருக்காது.

இதற்குப் பயந்து, "கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்" என்று விடுவதும் சரியல்ல. 180-ஐத் தாண்டி நின்றால் புண்ணில் தொற்று வரும் வாய்ப்பு கூடும். வெறும் வயிற்றில் இருக்கும்வரை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பார்த்து, 100-க்கும் 180-க்கும் இடையில் வைத்திருக்க முயல வேண்டும். அறுவைக்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாரும் தையலைப் பார்ப்பார்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த காலில், படுத்தபடியே குதிகால் புண்ணாவதை நோயாளியாலேயே சொல்ல முடியாது.

கட்டுரையாளர் அடுத்த பகுதியும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். பட்டியல் மாறினால் அறுவை அரங்கிலிருந்து வார்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை அதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்