பழைய காரை உயர்த்தும் முன் ஸ்பிரிங்கை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாருதி 800, ஜென், சான்ட்ரோ போன்ற பழைய கார்களை வைத்திருப்போர் பலர், வேகத்தடையில் அடிப்பாகம் உரசுவதால் குறைந்த செலவில் வண்டியை உயர்த்தித் தரும்படி பட்டறைகளை நாடுகிறார்கள். அங்கே காயில் ஸ்பிரிங்கின் (சுருள்வில்லின்) சுற்றுகளுக்கிடையே பஃபர் எனப்படும் ரப்பர் கட்டையைச் செருகியோ, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் மேல் ஸ்பேசர் எனப்படும் இடைத்துண்டை வைத்தோ அனுப்பிவிடுகிறார்கள். ஆனால், பெரும்பாலும் அந்த வண்டிகளுக்குத் தேவைப்படுவது புதிய உயரமன்று, ஆண்டுக்கணக்கில் ஓடி இழந்த பழைய உயரமே.

டயர்களில் சரியான அளவு காற்றடைத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து, அதே மாடலில் நல்ல நிலையிலுள்ள வண்டியோடு ஒப்பிட்டால் ஸ்பிரிங் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். தளர்ந்திருந்தால், அதே மாடலுக்குரிய புதிய ஸ்பிரிங்குகளை இடமும் வலமும் ஜோடியாக மாற்றுவதே சிக்கனமான வழி. ஷாக் அப்சார்பரை மாற்றினால் போதும் என்று நினைத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்; எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பர்.

பஃபர் செருகிய ஸ்பிரிங்கில் சில சுற்றுகள் இயங்காமல் போவதால் மற்றச் சுற்றுகளின் மீது பாரம் கூடுகிறது. வண்டியும் கட்டைவண்டியைப் போலக் குலுக்குகிறது. ஸ்பேசர் வைத்து அளவுக்கு மீறி உயர்த்தினால் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி அதன் மூட்டுகள் விரைவில் தேய்கின்றன, சக்கரங்களின் சாய்வு மாறி டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது, பிரேக் ஹோஸும் (பிரேக் எண்ணெய்க் குழாயும்) இழுபடக்கூடும். மாருதி 800-இல் 145/70 ஆர்12 டயருக்குப் பதிலாக, பக்கச்சுவர் உயரம் கூடிய 145/80 ஆர்12 போட்டாலும் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர்தான் உயரும். வேகமானியோ உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். மேலும், தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியுள்ளது.

ஸ்பிரிங் நன்றாக இருந்தும் அடிப்பாகம் உரசினால், குறை வேகத்தடையில் இருக்கக்கூடும். 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்பது சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வரையறை. தெருமுனைகளில் குறுகிய கரையாகக் கொட்டப்பட்டிருக்கும் தார்க் குவியல்களை உள்ளாட்சி அமைப்புகள் அளந்து, இந்த அளவுக்கு மாற்றியமைக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்