தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு கேட்டு

எங்கள் நீதிமன்ற வளாகப் பொறுப்பாளர்களுக்கும், வழக்கறிஞர் சங்கத்து மூத்தவர்களுக்கும் வணக்கம்.

மகளிர் தினக் கூட்டத்தில் கிளாரா கம்போஅமோர் பற்றி என்னைப் பேசச் சொன்னீர்கள். பேசினேன். 1888இல் மாட்ரிட்டில் பிறந்து, சிறு வயதிலேயே அப்பாவை இழந்து, தையல் வேலை, தந்தி அலுவலக வேலை என்று உழைத்து, 36 வயதில் சட்டம் முடித்தவர். 1931இல் ஸ்பெயினில் பெண்கள் தேர்தலில் நிற்கலாம், ஓட்டுப் போட முடியாது. அப்படி ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனவர், சொந்தக் கட்சியே எதிர்த்தபோதும் பெண்களின் ஓட்டுரிமைக்காக வாதாடினார். அக்டோபர் 1 அன்று 161க்கு 121 என்று அது நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்குச் சால்வை போர்த்தினீர்கள்.

அன்று மதியம் அந்தச் சால்வையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறைக்குத்தான் நடந்தேன்.

ஏன் என்று உங்களுக்கே தெரியும். நம் பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாளும் இல்லை, தண்ணீரும் இல்லை. காலையில் ராயக்கோட்டையில் பஸ் ஏறுமுன் குடிக்கும் அரை டம்ளர் காபியோடு சரி. சாயங்காலம் வீடு போகும்வரை தண்ணீர் பாட்டிலைத் திறக்க மாட்டேன். போன மாதம் ஒரு ஜீவனாம்ச வழக்கில் அடக்க முடியாமல் குறுக்கு விசாரணையைப் பாதியில் முடித்துக்கொண்டேன். தளியிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்த என் கட்சிக்காரர் வெளியே வந்ததும் கேட்டார்: "ஏம்மா, அந்த நகை விஷயத்தை நீ கேக்கவே இல்லையே?" நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

தாழ்ப்பாளும் தண்ணீரும் கேட்டு மூன்று முறை மனு கொடுத்தோம். நிதி வரட்டும் என்றீர்கள். சங்கத் தேர்தல் நேரத்தில் மட்டும் எங்கள் ஞாபகம் வருகிறது. ஜெயித்தபின் எந்தப் பொறுப்பிலும் எங்களைச் சேர்ப்பதில்லை. பெண் ஜூனியர் என்றால் வாய்தா வாங்க மட்டும் என்று நினைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

எல்லா நீதிமன்றங்களிலும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரி 15 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பை மதிக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் வாதாடுகிற இடம் இது.

மே மாத விடுமுறையில் வளாகம் காலியாகத்தான் இருக்கும். அதற்குள் ஒரு தாழ்ப்பாள், தண்ணீர், மூடி வைத்த ஒரு குப்பைக்கூடை, இவ்வளவும் செய்து தாருங்கள். வழக்குக்கு வரும் பெண்களுக்கும் சேர்த்தே தயவுடன் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ராயக்கோட்டையிலிருந்து வரும் உங்கள் சக வழக்கறிஞர்